வேகமாகப் போனவர்களுக்கு மெதுவான பாடம்

வேகமாகப் போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு மெதுவாகப் பாடம் சொல்வதுதான் எங்கள் தொழில். அந்த 'மெதுவாக' என்ற சொல்லைத் தவிர அதில் பெரிய கஷ்டம் எதுவும் இல்லை.

நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருக்கலாம். கேரள எல்லையோரத்தில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் சாலை கொஞ்சம் நிமிர்ந்து கிடக்கும் இடத்தில் கால் தானாக அழுத்தியிருக்கும். கம்பத்தின் மேலிருந்த கேமரா அப்போது ஒன்றும் சொல்லாது. பிறகொரு நாள், சோறு உண்டுகொண்டிருக்கும்போது போனில் செய்தி வரும். அபராதம் ஒருபுறம். திரும்பவும் மாட்டினால் லைசென்ஸைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்து, மறுபயிற்சி முடித்துவிட்டு வா என்பார்கள். அப்படி வருகிறவர்களுக்காகப் பாறசாலையில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மோகனன் இணைய வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். பாடங்கள் மலையாளத்தில் மட்டும் இருந்தன. வீட்டில் தமிழ் பேசுகிற நம் ஊர்க்காரர்கள் தமிழில் வேண்டும் என்று கேட்டபோது, தமிழ் இலக்கியம் படித்த கிழவி ஒருத்தி பக்கத்துக் கொல்லயில் ஊரில் சும்மா இருக்கிறாள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கிழவி நான். பாடங்களைத் தமிழில் எழுதினேன். என் குரலிலேயே படித்துப் பதிவும் செய்தேன். ஜன்னல்களை அடைத்து, கதவிடுக்கில் துணி திணித்துப் படித்தும் மூன்றாம் பாடத்தில் ஒரு காகம் நுழைந்துவிட்டது. நான் 'பிரேக்' என்று சொல்லும்போதெல்லாம் அதுவும் ஒரு குரல் கொடுக்கிறது. சந்தேகம் கேட்கிறவர்களோடு போனில் பேசுவதும், கடைசியில் வீடியோ அழைப்பில் வாய்மொழித் தேர்வு நடத்துவதும்கூட என் பொறுப்பு. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் கற்பித்ததில்லை. இருந்தாலும் எல்லோருக்கும் நான் டீச்சர்.

இரட்டை வேகம்

எங்கள் வீடியோக்களில் வேகத்தைக் கூட்டும் பொத்தான் முதலில் இருந்தது. வேகமாக ஓட்டிப் பிடிபட்டவர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. பாடத்தை இரட்டை வேகத்தில் ஓட்டினார்கள். மோகனன் பொத்தானை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து என் போன் ஓயவில்லை.

முதலில் கூப்பிட்டவர் பிஜு. கொல்லயில்காரர், முப்பது வயதைத் தாண்டியிருப்பார். ஒரு பேக்கரி வேனில் விடியற்காலையில் ரொட்டி ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போடுகிறவர். மாட்டியது வேனில் அல்ல, பைக்கில். மனைவி பின்னால், சின்ன மகள் முன்னால் டாங்க் மேல், குழித்துறைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் பந்தி முடிவதற்குள் போய்ச் சேரப் பறந்திருக்கிறார். லைசென்ஸ் இல்லாமல் வேனைத் தொட முடியாது. பேக்கரி முதலாளி தற்காலிகமாக வேறொருவரை வைத்திருந்தார். அந்த ஆள் நிலைத்துவிடுவதற்கு முன்னால் சான்றிதழோடு போய் நிற்க வேண்டும், இல்லையென்றால் வேலை போய்விடும். இவ்வளவையும் பிஜு ஒரே மூச்சில் சொன்னார். பொத்தானைத் திரும்ப வைக்க முடியாது என்றும், என் குரலுக்கு அவ்வளவுதான் வேகம் என்றும் நான் சொன்னேன். அந்தப் பக்கத்தில் குக்கர் ஒன்று விசிலடித்து ஓய்ந்தது. பிறகு அவர் சொன்னார்:

"இரட்டை வேகத்துல நீங்க நல்லா பேசுனீங்க டீச்சரே. இப்பம் கேட்டா, சவ அடக்கத்துல ஜெபம் படிக்க மாதிரியாக்கும் உண்டு."

உள்ளே இருந்தவர்

சவ அடக்கம் என்றதும் தேவதாசன் நினைவுக்கு வருகிறார். நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் சவ வண்டி ஓட்டுகிறவர். அவருக்கும் வேகத்துக்காகத்தான் அபராதச் செலான் வந்தது. எங்கள் பயிற்சியின் தொடக்கத்தில் 'ஏன் வேகமாகப் போனீர்கள்?' என்று ஒரு கேள்வி வரும். அதற்கு மதிப்பெண் கிடையாது. மனம் திறக்கட்டும் என்று மோகனன் வைத்தது. பெரும்பாலும் ஆஸ்பத்திரி என்று எழுதுவார்கள். அடுத்தபடியாக, பரீட்சைக்கு நேரமாகிவிட்ட பிள்ளை. இத்தனை நோயாளிகளும் மாணவர்களும் இந்தச் சிறிய ஊர்களில் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. தேவதாசன் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். எதையாவது எழுதாமல் அடுத்த பக்கம் திறக்காது. அதனால் நானே கூப்பிட்டேன்.

மெல்லப் பேசுகிற மனிதர். சர்ச்சில் அடக்கத்துக்கு நேரம் குறித்திருந்தார்களாம். அது முடிந்ததும் போதகர் ஒரு கல்யாணம் நடத்திவைக்கப் போக வேண்டும். பின்னால் கார்களில் வந்த சொந்தக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இறந்தவர் வாழ்நாளெல்லாம் சைக்கிளில் தபால் கொண்டுபோனவர். அவ்வளவு வேகத்தில் அவர் அதற்குமுன் எங்கேயும் போயிருக்கமாட்டார் என்று தேவதாசன் சொன்னபோது, அந்த சைக்கிளின் மணி எனக்குக் கேட்டதுபோல் இருந்தது. இதையே எழுதிவிடுங்கள் என்றேன். எழுதினார். அது அப்படியே இன்னும் எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது:

"உள்ள கெடந்தவரு அவசரப்படல்ல. வெளியில இருந்தவியளுக்குத்தான் நேரமில்ல."

படத்தில் இருப்பவர்

செலானோடு கேமரா எடுத்த படமும் வரும். அதில் வண்டி எண் தெளிவாகத் தெரியும். ஆட்கள் அவ்வளவு தெளிவாகத் தெரிய மாட்டார்கள். குடும்பங்களில் இதனால் எழும் சிக்கல்களுக்கு எங்களிடம் பாடம் இல்லை. அதியன்னூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர் கூப்பிட்டார். அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் சேலை கட்டிய ஒரு பெண் இருக்கிறாள். அது யார் என்று வீட்டில் சண்டை. நான் சங்கடத்தோடு, அதெல்லாம் நீங்கள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது என்று ஆரம்பித்தேன். அவர் அழாத குறையாக இடைமறித்தார்:

"பின்னால இருக்கது எம் வீட்டுக்காரியேதான் டீச்சரே! நான் இவ்வளவு தடியில்ல, இது வேற எவளோண்ணு சாதிக்கா!"

தெரிந்த மொழி

நம் பக்கத்தில் அடுக்களையில் ஒரு மொழியும் பள்ளிக்கூடத்தில் வேறொரு மொழியுமாக வளர்ந்தவர்கள் நிறைய. பயிற்சிக்குப் பெயர் பதியும்போது திரை முதலில் கேட்பது, 'உங்கள் மொழி எது?' பிஜு யோசிக்காமல் தமிழைத் தொட்டுவிட்டார். வீட்டில் பேசுவது தமிழ்தானே. வீடியோ பார்க்கும் வரையில் கஷ்டமில்லை. ஆனால் பாதிப் பயிற்சிக்குப் பிறகு, ஒவ்வொரு பாடத்தோடும் வாசிப்பதற்கென்று சில பக்கங்கள் வரும். அவற்றைத் திறந்த பிறகுதான், தான் படித்ததெல்லாம் மலையாளம் என்பதும், தமிழ் எழுத்தில் ஒன்றுகூடத் தனக்குத் தெரியாது என்பதும் அவருக்கு ஞாபகம் வந்தன. எல்லையில் பிறந்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கிற தவறு இது. மலையாளத்துக்கு மாறலாம், மாறினால் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். வந்த வழியில் திரும்பிப் போவது பிஜுவின் வழக்கத்தில் இல்லை.

அவருடைய மனைவி ஜெயராணி களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்தில், தமிழ்நாட்டில், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்தவள். அவள் வாசித்துக் காட்டினால் போதுமா என்று கேட்டார். போதும் என்றேன். வாசிக்கத் தெரியாதவர்கள் பலர் வருவதால் அதற்கு இடம் உண்டு. கடைசி வாய்மொழித் தேர்வின்போது மட்டும் அறையில் தனியாக இருக்க வேண்டும். சாயங்காலம் அடுப்பு வேலை முடிந்ததும் அவள் வாசிப்பாள், மகளை மடியில் வைத்துக்கொண்டு இவர் கேட்பார் என்று ஏற்பாடு. இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது:

"கல்யாணம் கழிஞ்ச பெறவு அவ சொல்லத நான் முழுசா கேட்டதே இல்ல டீச்சரே. இப்பம் சர்க்காரே இருந்து கேளுலேங்குது."

இருக்கிறீர்களா?

பாடத்தை ஓடவிட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் உண்டு. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அதற்காக மோகனன் ஒரு வழி செய்தார். வீடியோ நடுநடுவே நின்று, என் குரலில் கேட்கும்: "இருக்கிறீர்களா? இருந்தால் திரையைத் தொடுங்கள்." தொடாவிட்டால் பாடம் நகராது. பதிவு செய்யும்போது இதை நான் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. அடைத்த அறையில், எதிரில் ஆள் இல்லாமல், இருக்கிறீர்களா, இருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது குரல் கொஞ்சம் மாறிவிட்டது. மோகனன் அந்தப் பதிவையே வைத்துக்கொண்டார்.

செங்கல் என்ற ஊரில் தென்னங்கன்று நர்சரி வைத்திருக்கும் வேலப்பன் இந்தப் பயிற்சிக்கு வந்தார். கன்று ஏற்றிப் போகும் சின்ன லாரியின் வேகத்துக்கான தண்டனை. அவர் வீட்டில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில், படுத்த படுக்கையாக இருக்கும் அவருடைய அப்பாவின் கட்டிலருகே. போனை அங்கே சாய்த்து வைத்துப் படித்திருக்கிறார். கிழவர் எதற்கும் பேசாமல் கிடப்பவர். ஆனால் "இருக்கிறீர்களா?" என்று நான் கேட்கும்போதெல்லாம், "இருக்கேன் மக்கா, இருக்கேன்" என்று பதில் சொல்லத் தொடங்கினாராம். வீட்டில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். வேலப்பன் பயிற்சியை முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டார். முடித்தவர்களுக்குப் பாடம் திறக்காது. கொஞ்ச நாள் கழித்து அவர் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கி ஒரு உதவி கேட்டார். மத்தியானங்களில் இப்போது நான் அந்த வீட்டுக்குப் போன் செய்வதற்குக் காரணம், அன்று அவர் சொன்ன இந்த வார்த்தைகள்:

"அப்பன் கேட்டுக்கிட்டே கெடக்காரு டீச்சரே, நான் இருக்கேனாண்ணு விசாரிக்க அந்தப் பிள்ளை எங்கலே போனாண்ணு."

சோறும் உறக்கமும்

ஒருநாள் பிஜுவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ஜெயராணி. வீட்டுக்கு வெளியே வந்து நின்று பேசுகிறாள் என்பது தென்னை ஓலையில் விழும் மழைச் சத்தத்தில் தெரிந்தது. அவள் கேட்டது, இந்தத் தொழிலில் வேறு யாரும் என்னிடம் கேட்டிராத ஒன்று. "அவர பெயிலாக்க முடியுமா டீச்சரே?"

மழைக்கு மேலாகக் குரலை உயர்த்தாமல், துண்டு துண்டாகச் சொன்னாள். வேனை அவர் பார்த்துத்தான் ஓட்டுவாராம். அது முதலாளியின் வண்டி. பைக்கில் ஏறினால் வேறு ஆள். நம் இடவழிகளை நீங்கள் அறிவீர்கள். இரண்டு பக்கமும் செங்கல் மதில், வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் இவள் அவர் தோளில் கை வைப்பாள். "பயம் உண்டுமானா கண்ண மூடிக்கோ" என்று சொல்லிவிட்டு இன்னும் முறுக்குவார். முன்னால் இருக்கும் பிள்ளை அதை விளையாட்டு என்று நினைத்துக் கை தட்டும். லைசென்ஸ் நின்ற பிறகுதான் அந்தக் கைதட்டல் இல்லாமல் நிம்மதியாக இருக்கிறாளாம். "நான் சொன்னா கேக்கமாட்டாரு. பாடம்ணா கேக்காரு. இதையும் பாடத்துல எழுதக் கூடாதா?" என்றாள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் பாடம் எழுத முடியாது அம்மா என்றேன். தேர்வில் சரியாகச் சொன்னவரைத் தோற்றவர் என்று என்னால் எழுதவும் முடியாது. அவர் தோற்றால் பேக்கரி வேலையும் போய்விடும் என்பதை நினைத்துப் பார்த்தாயா என்று கேட்டேன். எனக்கே அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. அவள் நினைத்துப் பார்க்காமலா கூப்பிட்டிருப்பாள். அவள் சொன்னாள்:

"ஜெயிச்சா சோறு உண்டு, உறக்கம் இல்ல. தோத்தா உறக்கம் உண்டு, சோறு இல்ல. ரெண்டுல எது வேணும்ணு நீங்களே சொல்லுங்க டீச்சரே."

வாய்மொழித் தேர்வு

அந்தக் கேள்வி என்னிடமே இருக்க, தேர்வு நாள் வந்துவிட்டது. திரையில் பிஜு தலைவாரி, பவுடர் போட்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். தனியாகத்தான் இருந்தார். அவருக்குப் பின்னால் வாசலில் ஒரு பூப்போட்ட திரைச்சீலை தொங்கியது. அதன் அடியில் இரண்டு கால்கள் அசையாமல் நின்றன. தேர்வை மேற்பார்வையிட மோகனனும் அழைப்பில் இருந்தார். மூன்று கேள்விகள், மூன்றுக்கும் பதில் சரியாக இருக்க வேண்டும்.

ஈரச் சாலையில் முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் ஏன் கூடுதல் இடைவெளி வேண்டும் என்று கேட்டேன். அழகாகச் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் சரியான பதில். கடைசியாக, ஓட்டுநர் கட்டாயம் வேகத்தைக் குறைக்க வேண்டிய மூன்று சந்தர்ப்பங்களைச் சொல்லுங்கள் என்றேன். பள்ளிக்கூடம் என்றார். குறுகிய பாலம் என்றார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, மனப்பாடம் செய்த குழந்தையைப் போல, என் பாடத்தின் அதே எழுத்துத் தமிழில் தொடர்ந்தார்: "வளைவுக்கு முன் பின்னிருக்கையில் இருப்பவர் தோளில் கை வைத்தால், அதை முதல் எச்சரிக்கைப் பலகையாகக் கொள்ள வேண்டும்."

நான் அப்படி ஒரு வரி எழுதவில்லை. எந்தப் பாடத்தில் வருகிறது என்று கேட்டேன். "ஏழாம் பாடம், கடைசி" என்றார் உடனே. அதில் வேறு என்ன இருக்கிறது? "குழந்தையை முன்னால் இருத்தி ஓட்டுபவர், அதன் கைதட்டலைத் தன் திறமைக்குக் கிடைத்த பாராட்டாக எண்ணக் கூடாது. அதற்கு வேகம் என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்த ஒருவர் பின்னால் இருக்கிறார்."

திரைச்சீலைக்கு அடியில் ஒரு கால் மற்றக் காலின் மேல் ஏறி நின்றது. சாயங்காலங்களில் அவள் வாசிக்கும்போது எந்த இடத்தில் என் வரி முடிந்தது, எந்த இடத்தில் அவள் வரி தொடங்கியது என்பது இவருக்குத் தெரிந்திருக்காது. எழுத்து தெரியாதே. என் நடையை எனக்கே தெரியாமல் கற்றுக்கொண்டு, கடைசி வரியை என்னைவிட நன்றாக எழுதியிருந்தாள். அது பாடத்தில் இல்லை என்று நான் சொன்னால், ஒரு பதில் குறைந்து அவர் தோற்பார். அவள் கேட்ட உறக்கம் கிடைத்துவிடும். கூடவே, அந்த வரியை யார் எழுதியது என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு அது வெறும் மனைவி சொன்னதாகிவிடும். மூன்றும் சரி, ஜெயித்துவிட்டீர்கள் என்றேன். பிஜு முகத்தைத் துடைத்துக்கொண்டார். பவுடர் ஒரு பக்கம் போய்விட்டது.

"ஏழாம் பாடம் நீங்க எழுதினதா டீச்சரே? எங்க வீட்டுக்காரிய எங்கயோ வச்சுப் பாத்து எழுதின மாதிரியாக்கும் உண்டு."

மோகனனின் சந்தேகம்

மோகனனுக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாசிக்கத் தெரியாது. மலையாளப் பாடங்களை எழுதியவர் அவர். பிஜு போன பிறகு, அழைப்பைத் துண்டிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். விதிப்படி நடக்கிற மனிதர் அவர். சாலையிலும் சரி, அலுவலகத்திலும் சரி. "டீச்சரே, அந்தத் தோளு, கை... அது நம்ம பாடத்துல உண்டோ?" என்றார். உண்டு, தமிழில் மட்டும் உண்டு என்றேன். நான் அடைத்த ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். மோகனனின் மனைவியும் அவர் பைக்கின் பின்னால்தான் தினமும் நெய்யாற்றின்கரைக்கு வேலைக்குப் போகிறார். கடைசியில் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்:

"அப்போ மலையாளத்துலயும் போடணுமே டீச்சரே. இது அவியளுக்கு மட்டும் உள்ள வளைவு இல்லல்லோ."

அன்றைக்கே அந்த இரண்டு வரிகளையும் ஏழாம் பாடத்தின் கடைசியில் சேர்த்தேன். இப்போது அது பொய் இல்லை.

கை

பிஜுவுக்கு வேன் திரும்பக் கிடைத்துவிட்டது. விடியற்காலையில் அது எங்கள் வீட்டைத் தாண்டும்போது ரொட்டி வாசனை முன்னால் வரும்; சத்தம் பிறகுதான் வரும். பைக்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. ஜெயிக்கவைத்தவள் நான்தானே. கோயிலுக்குப் போகிற வழியில் ஒருநாள் ஒரு பைக் என் அருகில் மெதுவாக வந்து நின்றது. பிஜு வணக்கம் சொல்லிவிட்டுப் பூக்கடைக்குள் போனார். மகள் இப்போது முன்னால் இல்லை. பின்னிருக்கையில், அம்மாவின் மடியோடு சேர்த்துக் கட்டப்பட்ட ஒரு பட்டைக்குள் இருந்தாள். ஜெயராணியின் முகத்தை அன்றுதான் முதன்முறையாகப் பார்க்கிறேன். உறக்கம் எப்படி என்று கேட்டேன். அவள் கடைப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் குறைபட்டுக்கொண்டாள்:

"கை வைக்கதுக்கு முன்னாலயே கொறைச்சிருதாரு டீச்சரே. இப்பம் தோள்ல கை வைக்க எனக்கு ஒரு காரணம் இல்லாமப் போச்சு."

பாடத்தை எழுதிய எனக்கும் வண்டி ஓட்டத் தெரியாது, அதைத் திருத்திய அவளுக்கும் தெரியாது, எங்கள் இருவரையும் நம்பித்தான் நீங்கள் எல்லோரும் இந்தச் சாலையில் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் பையவே போங்கள்.